பக்கெட்தான் டாய்லெட், தூக்கமோ தவணை முறையில்: கடல் பந்தயப் படகில் 35 நாள்கள் எப்படி நகரும்?

2023 மார்ச் மாதக் கடைசி. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் பகுதி. ‘டீம் மலிஸியா’ என்ற பந்தயப் படகு சீறிக்கொண்டிருக்கிறது. தன் ஷிஃப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார் நெதர்லாந்து வீராங்கனை ரோசலின் கைப்பர். ஓர் அலையிலிருந்து படகு ‘தொப்’பென்று விழ, அவர் படுக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி.

பாய்மரத்தில் ஏறும்போது அடிபடவில்லை, மேல்தளத்திலும் அடிபடவில்லை. தூங்கும்போது! இந்தப் படகுகளில் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

என்ன பந்தயம் இது?

உலகைச் சுற்றிவரும் ‘தி ஓஷன் ரேஸ்’. 1973-ல் தொடங்கியது. 2023 பந்தயத்தின் மூன்றாவது கட்டம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து பிரேசிலின் இதஜாயி வரை. தூரம் 12,750 கடல் மைல், அதாவது சுமார் 23,600 கி.மீ. இந்தப் பந்தய வரலாற்றிலேயே மிக நீளமான கட்டம் இதுதான். நடுவில் எங்கும் நிறுத்தம் கிடையாது.

படகின் நீளம் 60 அடி. ஓட்டுபவர்கள் நாலே பேர். ஐந்தாவதாக ஒரு செய்தியாளர் இருப்பார். அவர் படம் எடுக்கலாம், சமைக்கலாம், கூட்டிப் பெருக்கலாம். ஆனால், படகு ஓட்டுவதில் கைகொடுக்கக் கூடாது. அது விதி.

ஏன் இவ்வளவு குலுக்கல்?

படகின் இருபுறமும் ‘ஃபாயில்’ எனும் வளைந்த இறக்கைகள் உண்டு. வேகம் பிடித்ததும் இவை படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டும். முன்னால் இருக்கும் அலையில் மூக்கு குத்தினால், வேகம் சட்டெனக் குறையும். பஸ்ஸில் சடன் பிரேக் அடித்தது போலத்தான், நிற்பவர் முன்னால் பாய்வார். அதனால்தான் எல்லோரும் காலை முன்பக்கம் நீட்டிப் படுக்கிறார்கள். மோதினால் காலோடு போகட்டும், தலை தப்பட்டும் என்ற கணக்கு.

போதாக்குறைக்கு ஃபாயில் எழுப்பும் ஊளைச் சத்தம். காதில் ஹெட்போன் இல்லாமல் தூங்குவது கஷ்டம்.

வேலை எப்படி?

பெரும்பாலான நேரம் சுக்கானைப் பிடிப்பது ஆட்டோபைலட்தான். விழித்திருப்பவர் காற்றைக் கவனித்துப் பாய்களை இழுப்பதும் தளர்த்துவதுமாக இருப்பார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பாய் மாற்ற வேண்டுமென்றால் தூங்குபவரும் எழுந்தாக வேண்டும். படகு திசை திரும்பினால், சாப்பாட்டு மூட்டை முதல் உபரிப் பாய்கள் வரை அத்தனையையும் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துப் போட வேண்டும். படகின் சமநிலைக்காக இந்தச் சுமை தூக்கல்.

சாப்பாடு, தண்ணீர், டாய்லெட்?

எடை கூடினால் வேகம் குறையும். ஆகவே, ஈரம் முழுக்க நீக்கிய பாக்கெட் உணவுதான். ஒற்றை அடுப்பில் வெந்நீர் வைத்து ஊற்றினால் சாப்பாடு ரெடி. குடிநீரை ஒரு சின்ன மெஷின் கடல் நீரிலிருந்து பிரித்துத் தரும். டாய்லெட்? ஒரு பக்கெட். கதவெல்லாம் கிடையாது!

உடம்புக்கு முடியாவிட்டால்?

இதுதான் நிஜமான பயம். பசிபிக்கின் தென்பகுதியில் நிலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஹெலிகாப்டரும் எட்டாது. முதலுதவிப் பயிற்சி பெற்ற சக வீரர்தான் டாக்டர். கரையிலிருக்கும் மருத்துவர் சாட்டிலைட் வழியே ஆலோசனை சொல்வார். அவ்வளவுதான்.

படகுக்கே அடிபட்டாலும் இதே கதைதான். இதே கட்டத்தின் தொடக்கத்தில் மலிஸியாவின் பாய்மரத் தூணில் உச்சிக்கு அருகே வெடிப்பு கண்டது. கரைக்குத் திரும்பினால் பந்தயம் போச்சு. குழுவினர் ஆடும் தூணில் ஏறி, நடுக்கடலிலேயே ஒட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

கைப்பர் அடிபட்ட பிறகு அவரைப் படுக்கையில் ஓய்வெடுக்க வைத்துவிட்டு, அவருடைய ஷிஃப்ட்டையும் மற்ற மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஏற்கெனவே துண்டு துண்டாக இருந்த தூக்கம் இன்னும் சுருங்கியது. ஏப்ரல் 2-ம் தேதி, 35 நாள் பயணத்துக்குப் பிறகு இதஜாயியை முதலில் தொட்டது மலிஸியாதான்.