அடுத்த பேட்ச் வருமுன்

வீட்டு போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேப்புக்கு வாருங்கள். அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, அமோனியா பஃபர் ஊற்றி, எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டால் கோனிக்கல் பிளாஸ்க்கில் திராட்சைச் சிவப்பு தெரியும். பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசல் இறங்க இறங்க அந்தச் சிவப்பு ஊதாவாக மங்கி, கடைசியில் ஒரே சொட்டில் நீலமாகத் திரும்பும். அந்த இடத்து அளவை வைத்து நம் தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்குப் போட்டுவிடலாம். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊரில் 600 வரை போகலாம்.

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மாவட்டமும்கூட. சித்தேரி மலையிலிருந்தோ தீர்த்தமலைப் பக்கமிருந்தோ பஸ் பிடித்து அரூருக்குப் படிக்க வரும் ஒரு பிள்ளை, தன் வீட்டுத் தண்ணீரைத் தானே அளந்து பார்ப்பது பெரிய காரியம்.

அந்த அளவைக் கெடுக்க, முந்தைய பேட்ச்சில் ஒருவர் கவனக்குறைவாக இருந்தாலே போதும். போர்த் தண்ணீர் எடுத்த பிப்பெட்டைக் கழுவாமல் பொது இ.டி.டி.ஏ. பாட்டிலுக்குள் விட்டிருப்பார். அல்லது பியூரெட்டில் மீந்ததை வீணாக்க மனமில்லாமல் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றியிருப்பார். தண்ணீரிலுள்ள கால்சியம் இ.டி.டி.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும், கரைசலின் வலு குறையும். பிறகு யார் டைட்ரேட் செய்தாலும் கூடுதல் கரைசல் செலவாகி, இருப்பதைவிட அதிகமான கடினத்தன்மை காட்டும். தவறு செய்தவர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். மதியம் வந்தவர்களோ மூன்று முறை செய்தும் விடை வரவில்லையே என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

பொது லேப்பின் இயல்பே இதுதான். நாம் விட்டுவிட்டுப் போவது அடுத்தவர் கையில் கிடைக்கிறது. கவனமாக இருப்பதும் பிறரை மதிப்பதும் அங்கே ஒரே வேலை.

வாஷ் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு டெஸ்ட் டியூபில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டும் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டும் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது, அது குழாய்த் தண்ணீர். தீர்ந்துவிட்டதென்றால் காலிப் பாட்டிலைக் காலியாகவே விட்டுவிட்டு லேப் அசிஸ்டென்ட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் விடைதான் கெடும். இனி சொல்வதில் கையும் கண்ணும் போகும்.

ஆர்கானிக் அனாலிசிஸில் ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்க டாலன்ஸ் ரீஏஜென்ட் தயாரிக்கிறோம். டியூபின் உட்புறம் கண்ணாடிபோல் வெள்ளி படிவதைப் பார்த்த சந்தோஷத்தில் டியூபை அப்படியே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கரைசல் நின்று காய்ந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். காலையில் டியூபைக் கழுவ எடுப்பவருக்கு அது தெரியாது. அதனால் வேண்டிய அளவு மட்டும் அப்போதைக்கு அப்போது தயாரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து ஆசிரியர் சொல்லும் இடத்தில் கொட்டிவிட வேண்டும். நாளைக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது.

சோடியமும் அப்படித்தான். லசேன் டெஸ்ட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய பொடித் துண்டை ஃபில்டர் பேப்பரோடு சுருட்டி சிங்க்கில் போட்டால், அடுத்து யாரோ குழாயைத் திறக்கும்போது தீப்பிடிக்கும். மிஞ்சியதை மண்ணெண்ணெய்க்குள்ளேயே வைத்து ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மேசையில் சிந்திய அமிலமும் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்கும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் சிந்தியதை நீங்கள் துடைக்காவிட்டால், அடுத்த பேட்ச் மாணவி அதன்மேல் கையை ஊன்றித்தான் தெரிந்துகொள்வாள். உடைந்த கண்ணாடியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் அந்தக் குப்பையைக் கையால்தான் அள்ளுகிறார். அதற்குத் தனியாக ஒரு அட்டைப்பெட்டி வைத்து, வெளியே பெரிதாக எழுதிவிடுவது நல்லது.

எழுதுவது என்றதும் லேபிள் நினைவுக்கு வருகிறது. பாட்டிலில் என்ன இருக்கிறது, செறிவு என்ன, யார் தயாரித்தது, என்றைக்கு என்று நான்கு விவரம் வேண்டும். இதை அலட்சியமாக எண்ணுகிறவர்கள் டெல்லி மாயாபுரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் கோபால்ட்-60 கதிரியக்கக் கருவி ஒன்றை வாங்கியது. 1985 வாக்கில் அதைப் பயன்படுத்துவது நின்றுபோனது. கருவி மட்டும் ஓர் அறையில் கிடந்தது. அதைப் பற்றி அறிந்தவர்கள் காலப்போக்கில் இல்லாமல் போக, 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்போடு ஏலம் போனது. மாயாபுரிக் காயலான் கடைகளில் அதை உடைத்துப் பிரித்தார்கள். பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்துபோனார். லேப் வாசலையே மிதிக்காத தொழிலாளி அவர். நம் அலமாரியில் லேபிள் உதிர்ந்து நிற்கும் பழுப்புப் பாட்டில் அவ்வளவு பயங்கரமானதாக இருக்காதுதான். ஆனாலும் அதை விட்டுச்சென்றவர்களின் மனநிலை அதுவேதான்: நமக்கு வேலை முடிந்தது, மற்றதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

உடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப் கோட் பருத்தியில் இருக்க வேண்டும். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ரசாயனம் ஒன்றை சிரிஞ்சில் எடுக்கும்போது 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவரின் உடையில் தீப்பற்றியது. லேப் கோட் அணிந்திருக்கவில்லை. மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் போராடி இறந்துபோனார். பர்னர் எரியும் மேசையருகே துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகி, பின்னலைக் கட்டி உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். காற்றுத் துளையை முழுதாகத் திறந்த பர்னரின் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிட்டு ரப்பர் பல்பு பயன்படுத்துங்கள். வால்யூமெட்ரியில் கையாளும் ஆக்ஸாலிக் அமிலம் விஷம். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

அரூர் போன்ற ஊரில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இங்கிருந்து தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சேலம் அதைவிடத் தூரம். அமிலம் கண்ணில் தெறித்தால் முதல் வைத்தியம் லேப் குழாயில்தான். இமையை விரித்துப் பிடித்து, மெல்ல ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது அதன் பிறகு. ஆகவே அமிலப் பாட்டிலைத் திறக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள். மோட்டார் ஓடாத நாளில் பெரிய டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் பிராக்டிகல் தொடங்கக் கூடாது. கரண்ட் போனால் எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றுவிடும். அந்த நிமிடமே பர்னரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, புகை வரும் வேலையை நிறுத்திவிடுங்கள். மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகுந்தால் நுகரும் திறனையே மரக்கச் செய்துவிடும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஆசிரியர்களுக்கும் கல்லூரிகளுக்கும். தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறினால், பெருக்காமல், சிங்க்கில் தள்ளாமல், ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு, காகித அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். இது பல மாணவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காலால் மேசைக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். காரணம் பிரேக்கேஜ் பணம். தினக்கூலிக்குப் போகும் பெற்றோரிடம் அதைக் கேட்க முடியாத பிள்ளை மறைக்கத்தான் பார்க்கும். அந்தப் பாதரசம் மேசை இடுக்கில் கிடந்து, வருகிற ஒவ்வொரு பேட்ச்சையும் ஆவியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். உடைந்ததை உடனே வந்து சொல்பவரிடம் பணம் வாங்க மாட்டோம், திட்டவும் மாட்டோம் என்று எழுதி லேப் கதவில் ஒட்டுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே ஒட்டுங்கள்.