பிறக்காத இயந்திரத்துக்கு விலை குறித்தல்

புதிய ஜெட் இயந்திரமொன்றின் உற்பத்திச் செலவை, அது வரைபடத்தில் மாத்திரம் இருக்கும்போதே கணித்தாக வேண்டியிருப்பது விமானத் துறையின் நிர்ப்பந்தமாகும். விலை தெரியாமல் எவரும் கொள்வனவுக் கட்டளை வழங்குவதில்லை. கட்டளை இன்றி இயந்திரத்தை உருவாக்கவும் இயலாது.

முன்னைய இயந்திரங்களின் நிறை, மூலப்பொருள், தொழிலாளர் மணித்தியாலங்கள் என்பவற்றைக் கொண்டே ஆரம்ப மதிப்பீடு செய்யப்படுகின்றது. அதன் பின்னர் 'கற்றல் வளைகோடு' பிரயோகிக்கப்படுகின்றது. விமானங்களின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சராசரி உழைப்புச் செலவு ஏறத்தாழ 20 சதவீதத்தால் குறைவதை அமெரிக்கப் பொறியியலாளர் ரி.பி. ரைட் 1936 இல் எடுத்துக்காட்டினார். ஆகவே ஆரம்பத்தில் நட்டத்துக்கு விற்பதும் கணக்கில் அடங்கியதே. ஆனால், பழைய அனுபவத்தில் இல்லாத புதிய மூலப்பொருள் ஒன்று புகுந்துவிட்டால் இந்த வளைகோடு கைகொடுக்காது.

எயார் லங்கா முன்னர் சேவையில் ஈடுபடுத்திய ட்ரைஸ்டார் விமானங்களை எமது வாசகர்கள் பலர் அறிவர். அவற்றின் ஆர்.பி.211 இயந்திரமே இதற்குத் தக்க உதாரணம். 1968 மார்ச்சில் பிரித்தானியாவின் ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம், அமெரிக்கப் போட்டியாளர்களை முந்தும் அவசரத்தில், 150 விமானங்களுக்கான இயந்திரங்களை வழங்க லொக்ஹீட் நிறுவனத்துடன் நிலையான விலையில் உடன்பட்டது. விலையைத் தீர்மானித்தது செலவுக் கணிப்பா, போட்டியா என்று கேட்டால், போட்டியே என்பது எமது கருத்தாகும்.

நிறையைக் குறைப்பதற்காக முன்புற விசிறி அலகுகள் காபன் இழையினால் வடிவமைக்கப்பட்டிருந்தன. பறவை மோதினால் தாங்குமா என்பதை அறிய 1970 மே மாதம் இறந்த கோழியொன்றை அதிவேகத்தில் அவற்றின் மீது ஏவியபோது அவை சிதறிப்போயின. நிறையும் செலவும் கூடிய டைட்டானியத்துக்கு மாறுவதைத் தவிர வழியிருக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் அபிவிருத்திச் செலவு 17 கோடி பவுணைத் தாண்டியிருந்தது. ஆரம்ப மதிப்பீட்டின் ஏறக்குறைய இரு மடங்கு அது. இதனிலும் பாரதூரமானது, ஓர் இயந்திரத்தின் உற்பத்திச் செலவு அதன் விற்பனை விலையான 2,30,375 பவுணையும் விஞ்சியமையாகும். இந்நிலையில் கற்றல் வளைகோட்டினால் பயனில்லை. விற்கும் ஒவ்வொன்றும் நட்டமே.

1971 பெப்ரவரி 4 ஆம் திகதி நிறுவனம் வங்குரோத்தடைந்தது. ஹீத் அரசாங்கம் அதனைத் தேசியமயமாக்கியது. விலையை உயர்த்த லொக்ஹீட் இணங்க நேர்ந்தது. அந்நிறுவனத்தைக் காப்பாற்றும் 25 கோடி டொலர் கடன் உத்தரவாதம் அமெரிக்க செனட் சபையில் ஒரேயொரு வாக்கினால் நிறைவேறியது.

இயந்திரம் தோற்கவில்லை. இன்றைய ட்ரென்ட் வரிசை இயந்திரங்கள் அதன் வழித்தோன்றல்களே.