தறியும் நிலைபேறும்

வருந்தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராதவாறு இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நிலைபேறுடைய வளர்ச்சி என்பது, புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையிலான உலக ஆணையம் 1987இல் வகுத்த கொள்கையாகும். 2015இல் ஐக்கிய நாடுகள் அவை 17 குறிக்கோள்களை ஏற்று, 2030ஐ அவற்றுக்கு எல்லையாக வைத்தது. இக்கொள்கையைக் கைத்தறி நெசவில் வைத்து ஆராயுங்கால் எழும் வினா ஒன்றே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

ஆரணிப் பகுதியிலுள்ள தேவிகாபுரம், விசயநகரர் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலாலும் பட்டு நெசவாலும் அறியப்படுவது. இத்தகைய ஊர்களின் கைத்தறி இயங்க மின்விசை வேண்டுவதில்லை. குடும்பத்தார் வீட்டிலிருந்தே தொழில் புரிகின்றனர். ஆதலின் நிலைபேற்றுக்கு அது சான்றாகக் காட்டப்படுகின்றது. பட்டு நூலின் பசை நீக்கவும் சாயமேற்றவும் நீரும் எரிபொருளும் செலவாதலை நோக்கின், அக்கூற்று முழுதும் பொருந்தாமை புலனாகும். அதனினும் பெரிது உழைப்பைப் பற்றிய வினா.

காஞ்சிபுரப் பட்டு மரபில் வழங்கும் 'கோர்வை' என்னும் சொல் இதனை விளக்கும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, ஊடையிழைகளைத் தனித்தனி நாடாக்களால் ஓட்டி, ஒன்றோடொன்று பிணைத்தலே கோர்வை. கரை நாடாவைத் தள்ள நெசவாளர் அருகில் மற்றொருவர் இருத்தல் வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தோர் பலர் அவ்வீட்டுச் சிறுவரே.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009இல் கட்டாயக் கல்விச் சட்டமும் இயற்றப்பட்டன. எனினும், பள்ளி நேரம் கழிந்த பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் சிறுவர் உதவலாம் என 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தந்தது. சிறுவர் கற்பின் கலை தேயும், கலை நிலைப்பின் கல்வி தேயும் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. கூலி பெறும் வளர்ந்த துணையாள் ஒருவரை அமர்த்தின் இரண்டும் நிலைக்கும். அச்செலவைச் சேலையின் விலை ஏற்காமையே இடர்ப்பாட்டின் வேர்.

மகளிர் உழைப்பும் இத்தகையதே. 2009–10ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 இலட்சமாக இருந்த இந்தியக் கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019–20இல் 35.22 இலட்சமாகக் குறைந்தது. அவருள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் மகளிர். தார் சுற்றுதல் முதலிய துணைத்தொழில் செய்வோரையும் அக்கணக்கெடுப்பு எண்ணியது. ஆனால் சேலைக்கு இவ்வளவு என அளக்கும் கூலியில் அவர்தம் உழைப்புத் தனியே மதிக்கப்படுவதில்லை.

இடைக்காலக் கல்வெட்டுகள் 'தறியிறை' எனத் தறிக்கு வரி விதித்தமையைக் கூறும். மேட்டிசன் மைன்சு (1984), விசயா இராமசாமி (1985) ஆகியோரின் நூல்கள் நெசவாளர் வரலாற்றை விரித்துரைப்பன. அவ்வழியில் தமிழாய்வாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாவு, ஊடை, தார், கோர்வை முதலிய தொழிற்சொற்களைத் தொகுக்குங்கால், பொருளோடு அத்தொழிலைச் செய்வோர் யார், அவர் பெறும் கூலி யாது என்பனவற்றையும் உடன் பதிதல் வேண்டும். கூலியில்லா உழைப்பால் நின்ற தொழிலை நிலைபேறுடையது எனல் பொருந்துமா என்னும் வினாவுக்கு அத்தொகுப்பே விடையளிக்கும்.