கீழ்ப்படிக்கு விலை, மேற்படிக்குச் சலுகை

மூத்த மகனை அரசாங்கக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பிலும், இளைய குழந்தையைத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பிலும் சேர்க்கும் தமிழ்நாட்டுத் தகப்பனார் ஒரு விபரீதத்தைக் காண்கிறார். பட்டப் படிப்புக்கு அவர் கட்டுவது அற்பத் தொகை. அகரம் எழுதப் பழக்குவதற்கோ அதைப்போல் பன்மடங்கு. இதன் காரணம் யாது?

பள்ளி முதலாளிகளின் பேராசையே காரணம் என்பர் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது பாதி உண்மையே. கல்லூரிப் படிப்பு மலிவானதன்று. அதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார். அரசாங்கக் கல்லூரியின் கட்டடமும், ஆராய்ச்சிசாலையும், பேராசிரியர் சம்பளமும் பொதுப் பொக்கிஷத்தின் செலவு. தனியார் பள்ளியிலோ நிலத்தின் விலை முதல் உபாத்தியாயர் சம்பளம் வரை யாவும் பெற்றோர் மடியிலிருந்தே வரவேண்டும். சிறு குழந்தைகளுக்கு உபாத்தியாயரும் அதிகம் வேண்டும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆரம்ப வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதிக்கிறது. சுயநிதிப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் அதிகமாயிற்றே என்பீர்களாயின், அது நமது கட்சிக்கே சாட்சி; அங்கும் பெற்றோரே முழுச் செலவையும் ஏற்கின்றனர்.

தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் கிராண்டு அளிக்கும் வழக்கம் 1854-ஆம் வருஷத்திலேயே வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1991-92-க்குப் பின் தோன்றிய தனியார் பள்ளிகளுக்கு அந்த வாயில் அடைபட்டது. நியாயமான உபரி சேர்க்கலாம், கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகள் 2002-ல் தீர்ப்பளித்தனர். கட்டணம் நிர்ணயிக்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் கமிட்டி அமைக்க 2009-ல் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. சட்டம் கட்டணத்துக்குக் கடிவாளம் இடலாம். செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு விடை தராது.

இலவச அரசாங்கப் பள்ளிகள் இல்லையா? உண்டு. அவற்றில் நம்பிக்கை குன்றியதும், ஆங்கிலத்தின்மேல் மோகம் மிகுந்ததுமே ஏழைத் தொழிலாளியையும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டச் செய்கின்றன. கோகலே 1911-ல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா மறு வருஷமே தோற்றது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் பத்து வருஷத்தில் கட்டாய இலவசக் கல்வி என்றது. அவ்வுரிமைக்குச் சட்டம் பிறக்க 2009 வரை காத்திருந்தோம். இதனிடையே 1951-ல் கரக்பூரிலும் 1959-ல் சென்னையிலும் ஐ.ஐ.டி.க்கள் எழுந்தன. கோபுரம் கட்டியதைக் குறை கூறோம். அஸ்திவாரத்தை மறந்ததையே குறை கூறுகிறோம்.

விளைவு என்ன? கீழ்ப்படியில் பணம் கட்ட வல்லவன் பிள்ளையே பொதுப்பணத்தில் நடக்கும் மேற்படியில் முந்தி ஏறுகிறான். மருத்துவக் கல்லூரி இடங்களில் அரசாங்கப் பள்ளி மாணவருக்கு 100-க்கு 7.5 வீதம் ஒதுக்க 2020-ல் தமிழ்நாடு சட்டம் இயற்ற நேர்ந்ததே இதற்குப் போதிய அத்தாட்சி.

ஆகவே பெற்றோர்களே, கட்டண ரசீதைப் பார்த்துப் பெருமூச்செறிவதோடு நில்லாதீர்கள். வோட்டுக் கேட்டு வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கள் தெருவிலுள்ள அரசாங்கப் பள்ளியில் உமது குழந்தையைச் சேர்ப்பீரா?" அவர் தயங்காமல் "ஆம்" என்று சொல்லும் நாளில், தனியார் பள்ளிக் கட்டணம் தானே இறங்கும்.