ஆயில் சூடானால் அறுவடை மெஷின் ஏன் சோர்ந்துபோகிறது?

2023 பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டாவில் காலம் தப்பிப் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். கீழ்வேளூர் பக்கம் சித்தப்பா வயலில் சம்பா சாய்ந்து கிடந்தது. தண்ணீர் வடிந்தும் வடியாத சேற்றில் டயர் மெஷின் இறங்காது. பெல்ட் மெஷின்தான் வந்தது. காலையில் நன்றாக அறுத்த வண்டி, பதினோரு மணிக்கு மேல் ஊர ஆரம்பித்தது. இன்ஜின் சத்தம் குறையவில்லை, ரேடியேட்டர் முள்ளும் ஏறவில்லை. ஆனால் லீவரை முழுக்கத் தள்ளினாலும் வேகம் வரவில்லை.

"ஆயில் சூடாயிடுச்சு சார், கொஞ்சம் ஆறட்டும்" என்றார் டிரைவர். சித்தப்பாவுக்கு வேறு கவலை: "மணிக்கணக்கு வாடகைப்பா. அது மெல்லப் போனா நம்ம காசுதானே போவுது?"

டிரைவர் சொன்னது இன்ஜின் ஆயில் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு படித்துப் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெல்ட் மெஷின்களில் பெரும்பாலானவை ஹைட்ரோஸ்டேடிக் டிரான்ஸ்மிஷனில் ஓடுபவை. இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு ஒரு மோட்டாருக்குத் தள்ளுகிறது, மோட்டார் பெல்ட்டை ஓட்டுகிறது. லீவரைத் தள்ளும்போது பம்புக்குள் இருக்கும் ஒரு சாய்தட்டின் கோணம் மாறி, ஆயிலின் அளவு கூடுகிறது. கிளட்ச் மிதிக்கும் வேலையே இல்லை. சேற்றில் முன்னும் பின்னும் போய்வர இது ரொம்ப வசதி.

வசதிக்கு ஒரு விலை உண்டு. பம்ப், மோட்டார் இரண்டிலும் பிஸ்டன் இடுக்குகள் வழியாக ஆயில் கொஞ்சம் கசிந்தே தீரும். அப்படி வீணாகும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறுகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியை நகர்த்த 10 கிலோவாட் போகிறது, அதில் கால்வாசி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் 2.5 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்ததைவிட அதிகம். உள்ளே 20 லிட்டர் ஆயில் இருந்து, குளிர்விக்க எதுவுமே இல்லையென்றால் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற சுமார் 11 நிமிடம் போதும். ஆக, வண்டியைக் காப்பாற்றுவது ஆயில் கூலர் ஒன்றுதான்.

அடுத்தது ஒரு விஷச் சுழல். ஆயில் சூடானால் நீர்த்துப்போகும். சாதாரண 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் 46 என்றால், 100 டிகிரியில் ஏழுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீர்த்த ஆயில் இடுக்குகளில் கூடுதலாகக் கசியும், கசிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் நீர்க்கும். இன்ஜின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்க வண்டி மட்டும் ஊர்வதற்குக் காரணம் இதுதான்.

ஆட்டோமேடிக் பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே வெப்பம் பிறக்கும் இடம் டார்க் கன்வர்ட்டர். ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை அது. இன்ஜின் பக்கச் சக்கரம் ஆயிலைச் சுழற்ற, அந்த ஆயில் எதிரே உள்ள சக்கரத்தைச் சுற்றும். இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வழுக்கல், வழுக்கல்தான் சூடு. மேடான சாலையில் பெரிய கியரில் திணறிக்கொண்டு போனால் வழுக்கல் அதிகம். கியரைக் குறைத்தால் இன்ஜின் சத்தம் கூடும், ஆனால் ஆயில் சூடு குறையும். வேகம் ஓரளவு சீரானதும் லாக்கப் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது வழுக்கலே கிடையாது.

வயலுக்கும் இதே பாடம்தான். சேறு அதிகமான இடத்தில் துணை கியரைக் குறைந்த நிலையில் போட வேண்டும். அதே இழுவைக்கு மோட்டாரில் அழுத்தம் குறையும், கசிவும் குறையும். பெரிய கியரிலேயே லீவரை அமுக்கிப் பிடித்தால் அழுத்தம் எல்லை தாண்டி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் வண்டி நகராது, பம்ப் வாங்கும் சக்தி மொத்தமும் ஆயிலைக் காய்ச்சத்தான் பயன்படும்.

சூடாகிவிட்டால் என்ன செய்வது? பலர் உடனே இன்ஜினை அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் ஃபேனும் நிற்கும், கூலருக்குப் போகும் ஆயிலும் நிற்கும். நியூட்ரலில், அறுக்கும் பாகத்தையும் நிறுத்திவிட்டு, நடுத்தர வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது. பிறகு அணைத்துவிட்டு, கூலரையும் அதன் வலையையும் பார்க்க வேண்டும். நெல் சுணையும் வைக்கோல் தூசியும் அங்கே கம்பளி போல அப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால், கூலருக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அளவு தப்பும்; பெயின்ட் அடித்த இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டுமே நல்ல சூடு, வித்தியாசமோ சொற்பம் என்றால் காற்று உள்ளே போகவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். ஹைட்ராலிக் ஆயிலை 80 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால் சீல்கள் கெட்டியாகி, ஆயிலும் சீக்கிரம் கெடும்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். டிரைவர் கூலர் வலையைக் கழற்றித் தட்டியபோது ஒரு முறம் நிறையத் தூசி கொட்டியது. அரை மணி நேரத்தில் வண்டி பழைய வேகத்துக்கு வந்தது. அந்த அரை மணிக்கு வாடகை இல்லை என்று டிரைவரே சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஊர்ந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் முழு வாடகை.

இப்போதெல்லாம் மெஷின் வயலில் இறங்கும் முன் சித்தப்பா ஒரு தென்னந்துடைப்பத்தோடு நிற்கிறார். "தம்பி, வலையத் தட்டிட்டியா? அப்புறம் மணியப் பாரு."