சென்சார் மாற்றிய பின்னும் தடுமாறும் எஞ்சின்: கணக்கைச் சரிக்கட்டுவது எப்படி?

பணி நிமித்தமாகக் கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் நாம் குடியிருந்த காலம் அது. மழைக்காலத்தின் தொடக்கத்தில் நமது பழைய பெட்ரோல் காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. அருகிலிருந்த ஒரு பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, மேப் சென்சார் பழுதடைந்துள்ளது என்று கூறிப் புதியதொன்றை மாற்றித் தந்தனர். விளக்கு அணைந்தது. ஆயினும் வேறொரு தொல்லை தோன்றியது. வண்டி நிற்கும்போது எஞ்சினின் வேகம் நிமிடத்திற்கு 600 சுற்றுக்கு இறங்குவதும், 1,500-க்கு ஏறுவதுமாக ஊசலாடியது.

இரண்டு நாள் கழித்து, தோப்பும்படி வழியாக வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலுக்கு நடுவே எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னிருக்கையில் வயது முதிர்ந்த தாயார். பின்னால் ஒலி எழுப்பியபடி ஒரு பேருந்து. எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துப் போகும்; பிரேக்கும் ஓரிரு முறை மிதித்த பின் கடினமாகிவிடும். இது வெறும் அசௌகரியம் அன்று, ஆபத்து என்பதை அன்று உணர்ந்தோம்.

மீண்டும் பட்டறைக்குச் சென்றபோது, த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அதற்கான மதிப்பீடு நமது வாகனக் கடனின் மாதத் தவணையைக் காட்டிலும் அதிகமாக இருந்தது. பணத்தைச் செலுத்துவதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்ள முயன்றோம். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எஞ்சினுக்கும் ஒரு கணக்கர் உண்டு

இக்கால எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. என்னும் சிறு கணினியை ஒரு வங்கிக் கிளையின் கணக்கருக்கு ஒப்பிடலாம். சென்சார்கள் அனுப்பும் தகவல்களே அவருக்கு வந்து சேரும் சான்றுச்சீட்டுகள். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக உள்ளது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டுள்ளது, புகைக்குழாயில் எவ்வளவு ஆக்ஸிஜன் எஞ்சியுள்ளது என்பனவற்றைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோலைச் செலுத்துவது என்று இ.சி.யு. தீர்மானிக்கிறது. பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பதே அதன் முதன்மைப் பணி.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில் எஞ்சின் தானாக ஓடுவதையே ஐடிலிங் என்கிறோம். எஞ்சின் சூடேறிய பின், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இது நிமிடத்திற்கு 700 முதல் 850 சுற்றுகளாக இருக்கும். அப்போது த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடியே இருக்கும். மிகச் சிறிய இடுக்கின் வழியாகவே காற்று செல்லும். வரவு சிறிதாக இருக்கும் கணக்கில் சிறு தவறும் பெரிதாகத் தெரியும் அல்லவா? அதுபோல, சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மறைந்துவிடும் சிறு காற்றுக் கசிவு, ஐடிலிங்கில் எஞ்சினையே ஆட்டிப் படைத்துவிடும்.

கார்புரேட்டர் இருந்த நாட்களில் மெக்கானிக் ஒரு திருகைத் திருப்பி ஐடிலிங்கைச் சரிசெய்துவிடுவார். 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பிடித்தது. இன்றைய வண்டிகளில் ஐடிலிங் வேகத்தை இ.சி.யு.வே கணக்கிடுகிறது. எனவே த்ராட்டில் பாடியில் உள்ள திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவது, இருப்பு ஒத்துவராத பேரேட்டில் ஒரு தொகையைத் தானாக எழுதிச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். தவறு மறையுமே தவிர, தீராது.

புதிய சென்சார் வந்த பின் ஏன் இந்தத் தடுமாற்றம்?

முதலாவது காரணம், பழைய சரிக்கட்டல்கள். ஒரு சென்சார் மெல்ல மெல்லப் பழுதடையும்போது இ.சி.யு. அதற்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும். பெட்ரோலைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ எஞ்சினை ஓட்டும். அந்தத் திருத்தங்களை நினைவிலும் வைத்துக்கொள்ளும். புதிய சென்சார் சரியான தகவலைத் தரத் தொடங்கும்போது, தவறான தகவலுக்காகச் செய்த பழைய திருத்தங்களே பிழையாகிவிடுகின்றன. பிழையான சீட்டு நீக்கப்பட்டுவிட்டது; அதற்காக எழுதிய சரிக்கட்டும் பதிவு மட்டும் நீக்கப்படாமல் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, நினைவு அழிதல். வேலை செய்வதற்காக பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்தால், ஐடிலிங்குக்கு எவ்வளவு காற்று தேவை என்று இ.சி.யு. கற்று வைத்திருந்தது பல வண்டிகளில் அழிந்துவிடும். அதே வேளையில் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்திருந்தாலும் இந்நிலை ஏற்படலாம். அடைப்பு நீங்கியதால் காற்று கூடுதலாக வரும். கணக்கோ பழையபடியே இருக்கும்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. வேலையின்போது கழற்றிய வேக்குவம் ஹோஸ் திரும்ப மாட்டப்படாமல் இருக்கலாம். ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். சென்சாரின் அடியில் உள்ள ஓ ரிங் என்னும் ரப்பர் வளையம் விடுபட்டிருக்கலாம். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், கசிந்து வரும் காற்று கணக்கில் வராமலே உள்ளே நுழைந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். மேப் சென்சார் உள்ள வண்டியில் நிகழ்வது வேறு. கூடுதல் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலும் கூடி எஞ்சின் வேகம் ஏறும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கப்படாமலே வேகம் ஏறியதைக் கண்டு இ.சி.யு. பெட்ரோலை நிறுத்தும், வேகம் சரியும், மீண்டும் பெட்ரோலைச் செலுத்தும். ஏறுவதும் இறங்குவதுமான ஊசலாட்டம் இவ்வாறே பிறக்கிறது.

நான்காவது, மின் இணைப்பு. கடலும் காயலும் சூழ்ந்த மேற்குக் கொச்சியில் உப்புக்காற்றும் ஈரமும் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். புதிய சென்சாரைப் பழைய, களிம்பேறிய இணைப்பில் செருகினால் தகவல் விட்டு விட்டுத்தான் செல்லும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோருக்கும் இது பொருந்தும்.

ஐந்தாவது, உதிரிபாகமே தவறாக இருத்தல். ஒரே தோற்றமுள்ள சென்சார்கள் வெவ்வேறு அளவீட்டு வரம்பில் தயாரிக்கப்படுகின்றன. உறையில் உள்ள பாக எண் பழைய சென்சாரின் எண்ணோடு ஒத்துள்ளதா என்று பார்ப்பது அவசியம். போலி உதிரிபாகங்களும் சந்தையில் உண்டு.

எந்த வரிசையில் சோதிப்பது?

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிகுந்ததை இறுதியிலும் வைத்துக்கொள்வதே முறை.

1. எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில், புதிதாக மாற்றிய சென்சாரின் இணைப்பு 'கிளிக்' என்ற ஒலியுடன் பூட்டியுள்ளதா, அருகில் ஏதேனும் குழாய் தொங்குகிறதா, எலி கடித்த வயர் உள்ளதா என்று பார்க்கவும்.

2. எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற ஒலி கேட்கிறதா என்று கவனிக்கவும். சந்தேகம் இருப்பின் பட்டறையில் புகைச் சோதனை செய்யச் சொல்லலாம். காற்றுப் பாதையில் புகையைச் செலுத்தினால் கசியும் இடம் தானே தெரியும். சூடான எஞ்சின் மீது எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேக்களை அடித்துப் பார்ப்பதைத் தவிர்க்கவும்.

3. ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளோடு நின்றுவிடாமல், நேரடி அளவீடுகளையும் காட்டச் சொல்லவும். சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காத நிலையில், மேப் சென்சார் சுற்றுப்புறக் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் உள்ள கொச்சியில் அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். ஊட்டியின் உயரத்தில் 77-ஐ ஒட்டியே இருக்கும். எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது பெரும்பாலும் 30 முதல் 40 வரை வரும். பெட்ரோல் திருத்த அளவு கூட்டலிலோ கழித்தலிலோ 10 விழுக்காட்டுக்குள் இருப்பது பொதுவாக நலம்.

4. இவை யாவும் சரியாக இருப்பின், பழைய குறியீடுகளையும் திருத்தங்களையும் அழித்து, ஐடிலிங்கை மீண்டும் கற்பிக்க வேண்டும். ஏ.சி., விளக்குகள் அனைத்தையும் அணைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், எஞ்சின் நன்கு சூடாகும் வரை ஓடவிட்டு, பின்னர் ஏ.சி.யுடனும் சில நிமிடங்கள் ஓடவிடுவது பல வண்டிகளுக்குப் பொதுவான முறை. சில வண்டிகளுக்கு ஸ்கேனர் மூலமே கற்பிக்க இயலும். அந்தந்த நிறுவனத்தின் சேவைக் கையேடு கூறும் முறையைப் பின்பற்றவும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

5. இதன் பின்னரும் தடுமாற்றம் நீடித்தால் மட்டுமே அடுத்த உதிரிபாகத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.

நமது காரில் கிடைத்த விடை

சுள்ளிக்கல்லில் இளைஞர்கள் 'ஆசானே' என்று அழைக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை. "கடைசியாக எதைத் தொட்டார்கள்?" என்று கேட்டுவிட்டு, புதிய மேப் சென்சாரையே கழற்றினார். அதன் அடியில் ரப்பர் வளையம் இல்லை. பழைய சென்சாரோடு அது கழன்று போயிருக்க வேண்டும். புதியதில் எவரும் பொருத்தவில்லை. சரியான அளவில் ஒரு வளையத்தை இட்டு, இணைப்பின் முனைகளைத் துடைத்து, பழைய திருத்தங்களை அழித்து, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். ஊசல் நின்றது. வளையத்தின் விலை ஒரு தேநீரின் விலையைத் தாண்டவில்லை. அவர் தமது உழைப்புக்குக் கேட்ட கூலியை நிறைவோடு கொடுத்தோம்.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள்

வாகனக் காப்பீடு இத்தகைய செலவை ஏற்கும் என்று பலர் கருதுகின்றனர். வழக்கமான வாகனக் காப்பீட்டில் தேய்மானமும், இயந்திர அல்லது மின் பழுதும் விலக்கப்பட்டவை. எனவே, மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் வாகனப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைப்பது நன்று. திடீர்ப் பழுதுக்காகக் கடன் தவணையைத் தவறவிட வேண்டிய நிலை அப்போது வராது.

வண்டியை ஒப்படைக்கும்போது, குறைபாட்டை எழுத்து வடிவில் பதிவு செய்த வேலைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளவும். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்கவும். பாக எண்ணும் உத்தரவாதக் காலமும் குறிப்பிட்ட ரசீதைப் பாதுகாக்கவும். உத்தரவாதக் காலத்தில் உள்ள புதிய வண்டியானால், வெளியில் பழுது பார்ப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கவும்.

செய்த வேலையில் குறை இருந்து, அதைத் திருத்த மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது நாம் பாதுகாத்த சீட்டுகளே.

நாள் இறுதியில் கிளையின் கணக்கு ஒத்துவராதபோது, அனுபவமுள்ள அலுவலர் புதிய பேரேடு வாங்கச் சொல்லமாட்டார். அன்று கடைசியாக எழுதிய பதிவுகளைத்தான் முதலில் புரட்டுவார். சென்சார் மாற்றிய பின் எஞ்சின் தடுமாறினாலும், கடைசியாகக் கைபட்ட இடத்திலிருந்தே தேடலைத் தொடங்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் வண்டி நடுச்சாலையில் அணையத் தொடங்கிவிட்டால், காரணம் தெரியும் வரை அதை நெரிசலிலோ பாலத்திலோ ஓட்ட வேண்டாம். அந்த ஒரு நாள் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவாகாது.