சமயபுரத்து வெள்ளிக் கால்

"முட்டிவலி போயே போச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தார். கையில் சமயபுரத்துக் குங்குமப் பொட்டலம். எப்போதும் நாற்காலி தேடுகிறவர், அன்று டீத் தம்ளரை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டே உட்கார்ந்து காட்டினார். "ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன், ஒரே மாசம். போன வெள்ளிக்கிழமை வெள்ளியில கால் வாங்கி உண்டியல்ல போட்டுட்டு வந்தேன். நீ எல்லாத்துக்கும் காரணம் சொல்வியே, இதுக்குச் சொல்லு."

சவாலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நானும் நிதானமாகவே சொன்னேன்.

"எப்போ வேண்டிக்கிட்டீங்க?"

"கார்த்திகையில. மாடி ஏற முடியாம நடுப்படியில உக்காந்து அழுதேனே, அன்னிக்கு."

முட்டி தேய்ந்து வருகிற வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் தணியும். சுமாராக வலிக்கும் நாளில் யாரும் நேர்ந்துகொள்வதில்லை. இதற்குமேல் தாங்காது என்ற நாளில்தான் தெய்வத்தைக் கூப்பிடுகிறோம். அந்த உச்சத்துக்குப் பிறகு வலி பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். டாக்டரை மாற்றுவதும் அதே மாதிரி ஒரு நாளில்தான். புது டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வருவதில் பாதி இதனால் வந்தது.

அம்மை இன்னும் தெளிவான உதாரணம். சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிக்காமல் சமைத்து, கொப்புளம் காய்ந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆத்தா இறங்கிவிட்டாள் என்கிறோம். வேப்பிலை செருகாத வீட்டிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அது தானே இறங்கிவிடும். பெரியம்மை அப்படியில்லை, கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோயிற்று. மிச்சம் ஏழு பேர் பிழைத்தார்கள். தீச்சட்டி எடுக்கக் கோயிலுக்கு வந்தது அந்த ஏழு வீடு. மற்ற மூன்று வீட்டிலும் அதே வேப்பிலைதான் தொங்கியது, அதே கண்ணீரோடுதான் வேண்டினார்கள். கடைசியில் அந்த நோயை ஒழித்தது ஊர் ஊராகப் போட்ட தடுப்பூசி. இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் அந்த வெள்ளிக் காலைப் பற்றிப் பேசினேன்.

கோயில் வாசல் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கண், கை, கால், தொட்டில் என்று தகட்டில் தட்டிய உருவாரங்கள். கால் என்றால் விரல் நீளம்தான் இருக்கும், பாதத்தில் ஐந்து கோடு கிழித்திருக்கும். ஊதினால் பறந்துவிடும்போல அவ்வளவு லேசு. வேளாங்கண்ணியிலோ இப்படிக் காணிக்கையாக வந்தவற்றை நன்றிக் கடிதங்களோடு காட்சிக்கே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டு நடந்தால் யாருக்கும் மனம் இளகிவிடும். எனக்கும் இளகியது. அவற்றில் ஒன்றுகூடப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேண்டிக்கொண்டும் குணமாகாதவர்கள் கடிதம் எழுதுவதில்லை. கால் சரியாகாதவர் வெள்ளிக் கால் வாங்குவதில்லை. அவர்களையும் எண்ணினால்தானே அக்கா கணக்கு?

"அதை எப்படிப்பா எண்ணுறது?"

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் பிரார்த்தனையை மதித்தவர். அவர் தலைமையில் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேரை மூன்று பங்காகப் பிரித்தார்கள். முதல் இரண்டு பங்குக்காரர்களிடம், உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார்கள். அதில் முதல் பங்குக்கு நடந்தது, இரண்டாவதுக்கு நடக்கவில்லை. மூன்றாம் பங்குக்கு நிச்சயம் நடக்கும் என்று சொல்லியே நடத்தினார்கள். அறுவைக்கு முந்தைய இரவு தொடங்கி 14 நாள், முன்பின் தெரியாத பக்தர்கள் நோயாளிகளின் பெயர் சொல்லி வேண்டினார்கள். 2006-ல் முடிவு வெளியானது. முப்பது நாளுக்குள் சிக்கல் வந்தவர்கள் முதல் பங்கில் 52 விழுக்காடு, வேண்டுதலே இல்லாத பங்கில் 51. நிச்சயமாக வேண்டுகிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களில் 59.

"தெரிஞ்சவங்களுக்கு ஏன் கூடிச்சு?"

தற்செயலாக இருக்கலாம். ஊரே கூடி வேண்டுகிற அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்று உள்ளுக்குள் பயந்தும் இருக்கலாம். என் மனசு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது, நிரூபணம் இல்லை.

"அப்ப சாமி கும்பிடுறதுல ஒண்ணுமே இல்லைங்கிற."

இல்லை அக்கா, இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. 1978-ல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வலிமருந்தே இல்லாத வெறும் ஊசியைப் போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தை அவர்களுக்கு ஏற்றியதும் வலி திரும்பிவிட்டது. அப்படியென்றால் நம்பிக்கை வந்ததும் உடம்பே தனக்கு ஒரு வலிமருந்தைச் சுரந்திருக்கிறது என்றுதானே பொருள். வலி, படபடப்பு, தூக்கமின்மை இவற்றில் அது நிஜமாகவே பலிக்கும். உடைந்த எலும்பும் கட்டியும் சர்க்கரையும் அதற்கு மசியாது. சமயபுரத்தாள் தன் பிள்ளைகளுக்காக மாசி பங்குனியில் 28 நாள் பச்சைப்பட்டினி இருக்கிறாள். நமக்காக ஒருத்தி பசித்திருக்கிறாள் என்ற நினைப்பில் முட்டி நடுக்கம் விட்டு ஓர் அடி கூடுதலாக நடந்தால், அந்த நடையே முட்டிக்கு நல்லது.

தமிழ்நாட்டிலேயே, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் கவனித்து 2002-ல் எழுதினார்கள். கூடவே வீட்டார், கோயிலில் சின்னச் சின்ன வேலை, அடிக்காத, விரட்டாத இடம். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் அங்கே இல்லை என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் அந்த இடத்தின் அரவணைப்பை நான் லேசாக நினைக்கமாட்டேன். எல்லா இடமும் அப்படியில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்துவைத்த ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் இறந்தார்கள். தப்பி ஓட வழி இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் வயிறு கலங்குகிறது.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் அவர் வந்த காரியம் தெரிந்தது. தங்கை மகளுக்கு வலிப்பு. பன்னிரண்டு வயசு. கோயிலில் மண்டலம் இருக்கப் போகிறார்கள், மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி பலிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வலிப்பு ரெண்டு மாசம் வராமலே இருந்துட்டுத் திரும்ப வரும் அக்கா. இடையில கோயிலுக்குப் போனா கோயில்ல நின்ன மாதிரி தெரியும். மாத்திரையைப் பட்டுன்னு நிறுத்தினா வலிப்பு விடாம அடுக்கடுக்கா வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒழுங்கா மருந்து சாப்பிடுறவங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு வலிப்பே வராம வாழ முடியும். இப்பவே போன் போடுங்க."

முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்தார். அந்தப் பக்கம் தங்கை ஏதோ சொல்ல, இவர் குறுக்கே பேசினார்: "நான் போக வேணாம்னா சொன்னேன்? போ. அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போ. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் போடுவேன், பிள்ளைகிட்ட குடு, முழுங்கிட்டேன்னு அவளே சொல்லணும்."